கலங்கலை அடைக்கக் காலம் உண்டு

ஏரி மாவட்டம் என்று பெயர் பெற்றது பழைய செங்கற்பட்டு மாவட்டம். இங்கே விவசாயிக்கு ஆண்டு முழுவதும் வயலில் வேலை என்றாலும், கார்த்திகையில் ஒரு வாரமாவது ஏரிக்கரையில்தான் வேலை. அந்த வாரத்தில் செய்யும் பிசகு ஒரு போகத்தோடு போகாது. கரையையே கொண்டு போய்விடும்.

2015 நவம்பர் நடுவில் பெய்த மழையிலேயே எங்கள் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தது. "இனி மழை எங்கே? வழிகிற தண்ணீரை நிறுத்தினால் நவரைக்கு ஆகுமே" என்று கடைமடைக்காரர்கள் கலங்கல் மீது இரண்டு வரிசை மணல் மூட்டை அடுக்கினார்கள். அவர்கள் கவலை நியாயமானதே. நீர்க்கட்டி மட்டும், "இப்ப வேணாங்க, மார்கழி பிறக்கட்டும்" என்றார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நானும் மூட்டை தூக்கியவன்தான்.

டிசம்பர் 1, செவ்வாய்க்கிழமை பிடித்த பெருமழை இரவிலும் விடவில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் மூட்டைகளுக்கு மேலே ஒரு முழம் தண்ணீர் ஓடியது. கரை வழிய ஒரு சாண்தான் பாக்கி. அந்த வேகத்தில் மூட்டையை இழுக்கக் கால் ஊன்ற முடியவில்லை. நான்கு இளைஞர்கள் இடுப்பில் வடக்கயிறு கட்டிக்கொண்டு இறங்கி, கடப்பாரையால் மூட்டைகளைக் கிழித்துத் தள்ளினார்கள். ஒருவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் ஊர் என்ன பதில் சொல்லியிருக்கும்?

புதன் விடிந்ததும் கரையின் வெளிப்புற அடியில் ஊற்று. விவசாயிகள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். தெளிந்த நீர் கசிந்தால் விடாமல் கண்காணிக்க வேண்டும். மண் கலந்து வந்தால், கரையின் வயிறு கரைகிறது என்று பொருள். எலி வளை, நண்டு வளை, பட்டுப்போன மரத்தின் வேர்த்தடம், இவைதான் தண்ணீருக்கு வழி. ஊற்றின் வாயை அடைக்கவே கூடாது, பக்கத்தில் பிய்த்துக்கொள்ளும். எங்கள் நீர்க்கட்டி, மிஞ்சிய மூட்டைகளை ஊற்றைச் சுற்றிக் கிணற்று உறைபோல் வட்டமாக அடுக்கச் சொன்னார். உள்ளே தண்ணீர் எழும்பி நிற்க, அதன் பாரம் எதிர்த்து நின்று மண் வருவது குறைந்தது. பிறகு ஏரிப் பக்கம் வளையைத் தேடி வைக்கோலும் களிமண்ணும் திணித்தோம். பகல் முழுவதும் ஆயிற்று. வியாழனன்று தண்ணீர் இறங்கியது.

சனிக்கிழமை கோவிலில் கூட்டம். மூட்டை வைத்தது யார் என்றுதான் பேச்சு. என்னைக் கேட்டால் கேள்வியே தவறு. பழைய கலங்கல்களின் மேல் வரிசையாகக் கற்கள் நட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மழைக்காலம் முடியும் தறுவாயில் அந்தக் கற்களின் இடையே வைக்கோலும் மண்ணும் வைத்து அடைத்து, கூடுதல் நீர் தேக்குவார்கள். ஆகவே நம் முன்னோரும் கலங்கலை அடைத்தவர்களே. எப்போது அடைப்பது என்பதை மட்டும் ஆளாளுக்கு விடவில்லை. உத்திரமேரூரில் 10ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, குடவோலையில் தேர்ந்தெடுத்த ஏரி வாரியத்தைப் பற்றிப் பேசுகிறது. நம் ஏரி உடைந்தால் அந்த வெள்ளம் கீழ் ஏரியில் போய் விழும். அதன் கரையும் தாங்காது.

கலங்கலிலும் மதகிலும் நீர்க்கட்டி சொல்வதே முடிவு என்று ஊர் கூடித் தீர்மானிக்க வேண்டும். அவர் எச்சரித்தால் உடனே பொறுப்புள்ள அலுவலகத்துக்குத் தகவல் போக வேண்டும். 40 எக்டேரும் அதற்கு மேலும் ஆயக்கட்டு உள்ள ஏரி நீர்வளத் துறையைச் சேர்ந்தது. சிறியது ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தது.

அவருக்குக் கூலி? முன்பெல்லாம் களத்தில் நெல் அளந்தோம். அறுவடை இயந்திரம் வந்த பின் களமும் போயிற்று, அளப்பதும் போயிற்று. அந்தப் புதன்கிழமை கரையைக் காத்தவருக்கு நாங்கள் இரண்டு போகத்து நெல் பாக்கி வைத்திருந்தோம். அதனால்தான் அவர் சொல் ஏறவில்லையோ என்று எனக்கு ஐயம். இப்போது சம்பா நாற்று விடும் முன்பே ஏக்கர் கணக்கில் பணமாகத் தண்டுகிறோம். கடைமடைக்காரர் அனைவரும் கொடுத்துவிடுகிறார்கள். மதகின் அருகே நிலம் வைத்திருக்கும் முன்மடைக்காரர் சிலர்தான் இன்னும் இழுத்தடிக்கிறார்கள்.