விற்றுமுதலும் இலாபமும்

2025 ஜூலையில், யூபிஐ வரவுகளைக் கணக்கிட்டுக் கர்நாடக வணிகவரித் துறை சிறு வணிகர்களுக்கு ஜிஎஸ்டி அறிவிக்கை அனுப்பியது. அஞ்சிய பலர் கடைகளிலிருந்த கியூஆர் அட்டைகளை அகற்றினர். பழைய நிலுவை வசூலிக்கப்படாது, ஆயினும் பதிவு கட்டாயம் என்று முதலமைச்சர் சித்தராமையா பின்னர் அறிவித்தார்.

இந்த அச்சத்திற்கு வரி மட்டுமன்று, சொல்லும் காரணம். பதிவுக்கான வரம்பு, பொருள் விற்போர்க்கு ஆண்டுக்கு 40 இலட்சம் ரூபாய். சேவை அளிப்போர்க்கு 20 இலட்சம். சட்டம் அளப்பது விற்றுமுதலை. வணிகர் மனத்தில் நிற்பதோ இலாபம். கன்னடத்தில் விற்றுமுதலைச் சுட்டும் ‘வஹிவாட்டு’ என்னும் சொல், பொதுவழக்கில் எல்லாக் கொடுக்கல் வாங்கலையும் குறிக்கும்.

மைசூரு தேவராஜா சந்தையில் நாள்தோறும் 11,000 ரூபாய்க்கு விற்கும் கடை ஓராண்டில் அவ்வரம்பைக் கடந்துவிடும்; கையில் மிஞ்சுவது அதில் ஒரு சிறு பங்கே. அக்கடை விற்பது புதிய காய்கறி மட்டுமாயின், விற்பனை எவ்வளவு உயர்ந்தாலும் பதிவே தேவையில்லை.

இவ்விரு உண்மைகளையும் எளிய கன்னடத்தில் கடைதோறும் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். விளங்காத சட்டத்திற்குக் கீழ்ப்படிதலை எதிர்பார்ப்பது நீதியாகாது. விளக்கம் முன்னும் அறிவிக்கை பின்னும் வருவதே முறை.