ஞாபக மாத்திரையும் பரீட்சைப் பிள்ளைகளும்

பரீட்சை வந்தால் காரைக்காலிலும் ஞாபக மாத்திரைக்கு அலைகிறார்கள். "டாக்டர்கள் இதை மறைக்கிறார்கள்" என்று வாட்ஸ்அப்பில் வேறு வருகிறது.

மறைக்க என்ன இருக்கிறது? பிரசெட்டம் 1964-லேயே பெல்ஜியத்தில் உருவானது. 'நூட்ரோபிக்' என்ற பெயரை கியுர்ஜியா 1972-ல் வைத்தார். நலமாக இருக்கும் பிள்ளைக்கு அது மதிப்பெண் கூட்டும் என்று இன்றுவரை உறுதியாகவில்லை. அதனால்தான் டாக்டர் எழுதித் தருவதில்லை.

நீர்ப்பிரம்மியை லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் ஆராய்ந்தது, நல்ல முயற்சி. ஆனால் பழகிய மூலிகைக்குக் காப்புரிமை கிடைப்பது கடினம். பெரிய சோதனைக்கு எந்தக் கம்பெனி பணம் போடும்? அரசுதான் போட வேண்டும். கோபப்படுவதென்றால் அதற்குக் கோபப்படுங்கள்.

வல்லாரையைத் துவையலாகக் கொடுங்கள், தப்பில்லை. பாட்டிலை நம்பிப் பிள்ளையின் தூக்கத்தை மட்டும் பறிக்காதீர்கள். படித்ததை மூளையில் பதிய வைப்பது தூக்கம்தான்.