ரப்பர் மரம் விறகு மரம் அன்று

ரப்பர் மரத்தில் செய்த மேசை நாற்காலி மட்டமானது, தேக்கும் செங்காலும்தாம் வீட்டில் வைத்துக்கொள்ளத் தகுந்த மரங்கள் என்ற நம்பிக்கை மலாக்காத் தமிழர்களிடையே ஆழ வேரூன்றியிருக்கிறது. தளவாடக் கடையில் "இது என்ன மரம்?" என்று கேட்டு, "ரப்பர்" என்ற பதில் வந்ததும் முகம் சுளித்து அடுத்த மேசைக்கு நகர்கிறவர்களில் பலர், பால் மரம் சீவிப் பிழைத்த குடும்பங்களின் பிள்ளைகள். இந்த நம்பிக்கை மரத்தின் இயல்பை அறியாததால் வந்தது. காட்டுக்கும் அது கேடு விளைவிக்கிறது.

மலாயாவில் ரப்பரை வணிகப் பயிராக முதன்முதலில் நட்ட நிலங்களுள் ஒன்று மலாக்காவில் இருக்கிறது. ஹென்றி விக்கம் 1876-இல் பிரேசிலிலிருந்து கொண்டுபோன விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. அவற்றின் நாற்றுகள் 1877-இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் தலைவர் ஹென்றி ரிட்லி எத்தனையோ தோட்ட முதலாளிகளிடம் பேசிப் பார்த்தார். அவர் சொல்லைக் கேட்டுத் துணிந்தவர் மலாக்காவின் டான் சாய் யான். 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் நட்டார். பின்னர் புக்கிட் அசாகானில் பல மடங்கு பெரிய பரப்பில் நட்டார். அடுத்து வந்த பத்தாண்டுகளில் ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களெங்கும் தோட்டங்கள் எழுந்தன. அவற்றில் காடழித்ததிலும் கன்று நட்டதிலும் நிரை பிடித்துப் பால் சீவியதிலும் தமிழர் உழைப்பு பெரும்பங்கு.

அந்தக் காலம் முழுதும் மரத்துக்கு ஒரே வேலைதான்: பால் கொடுப்பது. நட்ட ஐந்தாறு ஆண்டுகளில் சீவத் தொடங்கி, இருபத்தைந்து முப்பது ஆண்டுகளில் பால் வற்றியதும் மரத்தைச் சாய்த்து மறுநடவு செய்வார்கள். சாய்ந்த மரம் புகைவீட்டு அடுப்புக்கும் செங்கல் சூளைக்கும் லயத்துச் சமையலுக்கும் போனது. மிஞ்சியதைக் காட்டிலேயே குவித்துக் கொளுத்தினார்கள். பினாங்குக் கரையோரம் பிறையில் 1960-களில் தொடங்கிய மலாயவாத்தா எஃகு ஆலை, இரும்பு உருக்குவதற்கு ரப்பர் மரக் கரியைப் பயன்படுத்தியது. இப்படி நெருப்புக்கு மட்டுமே உதவியதைக் கண்டு வளர்ந்தவர்கள் அதை விறகு மரம் என்று எண்ணியதில் வியப்பில்லை.

அவர்கள் எண்ணத்துக்கு இன்னொரு சான்றும் கண்முன் இருந்தது. தோட்டத்தில் யாரோ ஒருவர் ரப்பர் பலகையை அறுத்துப் பெஞ்சு அடிப்பார். சில மாதங்களில் பலகையின் மேல் ஊசி குத்தியது போலத் துளைகள் தோன்றும். பெஞ்சுக்காலின் அடியில் கோதுமை மாவு போல மெல்லிய தூள் சிறு குவியலாகச் சேரும். கூட்டித் தள்ளினால் மறுநாளும் அதே இடத்தில் தூள் கொட்டிக் கிடக்கும். ஓராண்டு ஈராண்டில் கால் உளுத்து முறியும். இது பொய்யில்லை. ரப்பர் மரத்தில் மாவுச்சத்தும் சர்க்கரையும் மிகுதி. செங்காலில் இருப்பதைப் போலப் பூச்சியைத் தடுக்கும் வைரம் அதில் கிடையாது. வெட்டிய சில நாள்களிலேயே பூஞ்சணம் ஏறி மரம் நீலம் பாரிக்கும். உளுப்பு வண்டு முட்டையிடும். பெரியவர்கள் பார்த்தது முழுக்கச் சரி. பச்சை மரத்தின் குறையை எல்லா ரப்பர் மரத்துக்கும் பொதுவாக்கியதுதான் பிழை.

கெப்போங் வன ஆராய்ச்சி நிலையமும் மர ஆலைகளும் இந்தக் குறைக்குத் தீர்வு கண்டுவிட்டன. மரம் சாய்ந்த சில நாள்களுக்குள் அறுத்துவிட வேண்டும். அறுத்த பலகையை மூடிய உருளைத் தொட்டிக்குள் ஏற்றி, காற்றை உறிஞ்சி வெளியேற்றி, போராக்சும் போரிக் அமிலமும் கரைத்த நீரை அழுத்தத்தோடு உள்ளே செலுத்துகிறார்கள். மருந்து மேற்பூச்சாக நில்லாமல் மரத்தின் உள்ளே ஊறுகிறது. பிறகு சூட்டறையில் பல நாள் வைத்து, ஈரப்பதம் பத்து விழுக்காட்டை ஒட்டி வரும் வரை உலர்த்துகிறார்கள். மரம் பருமன் குறைந்தது என்பதால் நீண்ட அகலப் பலகை கிடைக்காது; ஆகவே குட்டைத் துண்டுகளின் முனைகளை விரல் கோத்தது போல் வெட்டிப் பசையிட்டுப் பிணைத்து, பக்கவாட்டிலும் ஒட்டிப் பலகையாக்குகிறார்கள். உலர்ந்த ரப்பர் மரத்தின் அடர்த்தி கன மீட்டருக்கு ஏறத்தாழ 560 முதல் 640 கிலோ. தேக்கின் அடர்த்தியும் இதை ஒட்டியதே. நிறம் வெளிர் பாலேடு. ஆணி அடித்தாலும் இழைத்தாலும் சாயம் ஏற்றினாலும் நன்றாக இசைந்து கொடுக்கும். 1980-கள் தொடங்கி மலேசியாவின் தளவாடத் தொழில் இந்த மரத்தின் மேல்தான் எழுந்தது. இன்று ஏற்றுமதியாகும் மரத் தளவாடங்களில் ஐந்தில் நான்கு பங்கு ரப்பர் மரம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. மலாக்காவின் எல்லையான கீசாங் ஆற்றைக் கடந்தால் வரும் மூவார் அந்தத் தொழிலின் தலைநகர். அமெரிக்கச் சாப்பாட்டு அறைகளில் மதிப்போடு நிற்கும் மேசை, அது பிறந்த மண்ணில் மட்டும் மட்டமாகிவிடுகிறது.

காட்டின் பக்கம் நின்று பார்த்தால் இந்த நம்பிக்கையின் கேடு இன்னும் தெளிவாகத் தெரியும். செங்கால் தீபகற்ப மலேசியாவிலும் தாய்லாந்தின் தென்கோடியிலும் மட்டுமே இயற்கையாக வளர்வது. அதன் உறுதிக்கு நிகர் அரிது; கன மீட்டருக்கு 900 கிலோவுக்கு மேல் எடை. ஆனால் அது மிக மெதுவாகப் பருக்கும் மரம். இன்று வெட்டிய செங்காலின் இடத்தில் அதே அளவு மரத்தைப் பார்க்க வெட்டியவரின் பேரப்பிள்ளைக்கும் கொடுத்து வைக்காது. ரப்பர் மரமோ இருபது இருபத்தைந்து ஆண்டு பால் கொடுத்து முடித்த பிறகே சாய்கிறது. மேசைக்காக அதை யாரும் வெட்டுவதில்லை. மறுநடவுக்காக எப்படியும் வெட்டத்தான் வேண்டும். அதை எரித்தால் புகை. மேசையாக்கினால், அந்த மரம் தன் வாழ்நாளில் உறிஞ்சிய கரியின் ஒரு பகுதி அந்த மேசை இருக்கும் வரை காற்றில் கலக்காது.

இதற்காக ரப்பர் என்ற சொல்லைக் கேட்டதும் பசுமை என்று முத்திரை குத்திவிடவும் கூடாது. கம்போடியாவிலும் லாவோசிலும் அண்மைக் காலத்தில் இயற்கைக் காட்டை அழித்து ரப்பர் நட்ட இடங்கள் உண்டு. அந்த மரத்தைப் பழைய மலாக்காத் தோட்டத்து மரத்தோடு ஒரே தட்டில் வைக்க முடியாது. மருந்தேற்றிய ரப்பர் மரமும் மழையிலும் ஈர மண்ணிலும் நிற்காது. வாசல் திண்ணைக்குச் செங்கால் பொருந்தும். கூடத்து அலமாரிக்கு அது தேவையே இல்லை.

நெடுங்காலம் வைத்திருக்கும் பொருளே சிக்கனமான பொருள் என்று சேகரிப்புக்குரிய தளவாடங்களை விற்கும் காட்சிக்கூடத்தார் உலகெங்கும் வாதிடுகிறார்கள். வாதம் சரியானது. ஆனால் அரிய மரம் என்பதாலேயே ஒரு பொருள் நெடுங்காலம் வைத்துக்கொள்ளப்படும் என்பது சரியன்று. இந்தியாவின் சண்டிகர் நகர நாற்காலிகளின் கதையே இதற்குச் சான்று. 1950-களில் பியேர் ஜானரேயும் அவரோடு பணியாற்றிய இந்திய வடிவமைப்பாளர்களும் அந்நகரின் அரசு அலுவலகங்களுக்கென உருவாக்கிய அவை தேக்கில் செய்யப்பட்டவை. தேக்கு என்பதால் யாரும் அவற்றைப் போற்றவில்லை. கால் ஆடியதும் முற்றத்தில் குப்பையாகக் குவித்து, கழிவுப் பொருளாக ஏலம் விட்டார்கள். ஐரோப்பிய வணிகர்கள் வாங்கிச் செப்பனிட்டு, வெளிநாட்டு ஏல அரங்குகளில் பெருந்தொகைக்கு விற்ற பிறகுதான் இந்திய உள்துறை அமைச்சு 2011-இல் அவற்றைப் பாதுகாக்க ஆணை பிறப்பித்தது.

இதற்கு மறுபுறம் பின்லாந்து. அங்கே பிர்ச் மரம் மலிவு, அடுப்பெரிக்கும் மரம். வெளிர் நிறம், வெளியில் போட்டால் சீக்கிரம் மக்கும் இயல்பு என எல்லாவற்றிலும் ரப்பர் மரத்துக்கு உறவு. வடிவமைப்பாளர் அல்வர் ஆல்ட்டோ 1933-இல் அந்த மரத்தில் கால்களை வளைத்து முக்காலி செய்தார். ஆல்ட்டோவும் நண்பர்களும் தொடங்கிய ஆர்ட்டெக் நிறுவனம் அந்த முக்காலியை இன்றும் விற்கிறது. பழையவற்றைத் திரும்ப வாங்கி, கீறலும் கறையும் அப்படியே இருக்க மறுபடி விற்கவும் செய்கிறது. அடுப்புக்குப் போகும் மரத்தைத் தலைமுறைச் சொத்தாக்கியது நல்ல வடிவமும் நல்ல இணைப்பும்தாம்.

மலாக்காவிலேயே ஒரு முரண் இருக்கிறது. ஜோங்கர் தெருவின் பழம்பொருள் கடைகளுக்குப் போகிறவர்கள் முத்துச்சிப்பி பதித்த கருமர நாற்காலியை வியந்து பார்க்கிறார்கள். தோட்டத்தில் பால் பிடித்த பீங்கான் மங்குகளும் இன்று பழம்பொருளாக விலைபோகின்றன. செடி வைக்கவும் அழகுக்கு அடுக்கவும் வாங்கிப் போகிறார்கள். மரத்தில் கட்டியிருந்த மங்குக்குக் கிடைத்த மதிப்பு, மங்கைத் தாங்கி நின்ற மரத்துக்குக் கிடைக்கவில்லை. பாட்டியும் தாத்தாவும் விடியற்காலை இருட்டில் தொட்டுத் தொட்டுச் சீவிய மரத்தின் பலகை வீட்டின் நடுக்கூடத்தில் நிற்பது அந்தக் குடும்பத்துக்குப் பெருமை.

மட்டமான ரப்பர் மரத் தளவாடம் கடைகளில் இல்லாமல் இல்லை. குற்றம் இணைப்பில். விலையைக் குறைக்க, காலைச் சட்டத்தோடு வெறும் திருகாணியால் இறுக்குகிறார்கள். நாலு முறை இடம் மாற்றினால் துளை தளர்ந்துவிடும். துளையும் கழுந்துமாகச் செதுக்கிப் பொருத்திய கால் அப்படித் தளராது. மரத்தூளையும் சிம்பையும் பசையோடு அழுத்திய பலகைக்கும் பெரும்பாலும் ரப்பர் மரமே மூலப்பொருள். அதன் மேல் மரக்கோடு அச்சடித்த தாளை ஒட்டி விற்கிறார்கள். ஒருமுறை வெள்ளம் புகுந்தால் அது ரொட்டி போல ஊதிவிடும். பழி ரப்பர் மரத்தின் தலையில் விழுகிறது. வாங்குகிறவர் மேசையைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்த்தால் போதும். அங்கே மரத்தின் கோடும் விரல் கோத்த இணைப்பும் தெரிந்தால் அது முழு மரம். தாளின் விளிம்போ தூளோ தெரிந்தால் அது அழுத்திய பலகை.

இந்த மரம் என்றைக்கும் மலிவாகக் கிடைத்துக்கொண்டிருக்கும் என்ற எண்ணமும் தவறு. 1980-களில் மலேசியாவில் ரப்பர் பரப்பு இருபது லட்சம் ஹெக்டரை ஒட்டியிருந்தது. செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் அதில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டன. மலாக்காவில் பால் மரம் நின்ற குன்றுகளில் இன்று செம்பனை நிற்கிறது. உள்ளூர் ஆலைகளுக்கே மரம் போதாமல் போனதால், அறுத்த ரப்பர் மரத்தை வெளிநாட்டுக்கு விற்பதற்கு 2017 ஜூலை முதல் அரசு தடை விதித்தது. மறுநடவுக்குப் போகும் ஒவ்வொரு நிரையிலும் சாயும் மரம், அறுபது ஆண்டு உழைக்கும் மேசையாகவும் ஆகலாம், ஆறு ஆண்டில் ஊதிப்போகும் தூள் பலகையாகவும் ஆகலாம். கடையில் முழு மரத்தைக் கேட்டு வாங்குகிறவர்கள் பெருகினால்தான் ஆலைகள் அதைச் செய்யும்.