சட்டம் தரும் 24 மணி நேரம்



2013-ஆம் ஆண்டு நமது உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயர்களை வெளியிட்டது. அவற்றின் உறுப்பினர்களுள் பத்தில் ஏழு பேர் இந்தியர் என்றும் அறிவித்தது. நாட்டின் மக்கள்தொகையிலோ நாம் ஏறத்தாழ 7 விழுக்காடுதான். அந்தக் கணக்கு நம்மைத் தலைகுனியச் செய்தது. அதைவிடப் பெரிய தீங்கு, மலிவு விலை அடுக்குமாடியில் வளரும் நம் பையன் எதுவும் செய்யாமலேயே ஐயத்துக்குரியவன் ஆனதுதான். "பிடித்தார்களா? ஏதாவது செய்திருப்பான்" என்று நாமே சொல்லப் பழகிவிட்டோம்.

இந்த மனப்போக்கின் விலை என்ன? 2009 ஜனவரியில், கார் திருட்டு ஐயத்தின் பேரில் கைதான 22 வயது அ. குகன் சுபாங் ஜெயாவில் காவலில் இருந்தபோது உயிரிழந்தார். நுரையீரலில் நீர் கோத்ததே காரணம் என்றது முதல் பிரேதப் பரிசோதனை. குடும்பத்தார் வற்புறுத்திப் பெற்ற இரண்டாவது பரிசோதனை, அவர் அடிக்கப்பட்டதைக் காட்டியது. 2013-இல் உயர் நீதிமன்றம் அக்குடும்பத்திற்கு 8 இலட்சம் ரிங்கிட்டுக்கும் மேல் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. மானத்துக்கு அஞ்சி அவர்கள் வாய்மூடி இருந்திருந்தால், முதல் அறிக்கையே முடிந்த முடிவாகியிருக்கும்.

சட்டம் அனைவருக்கும் பொதுதான். ஆயினும் அதை அறிந்தவருக்கே அது பயன்படுகிறது. கைதுக்கான காரணத்தைத் தெரிவிக்க வேண்டும். விரும்பிய வழக்கறிஞரை நாடலாம். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இவை கூட்டரசு அரசியலமைப்பின் 5-ஆம் பிரிவு தரும் உரிமைகள். 18 வயதுக்குட்பட்டவர் கைதானால் பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 2001-ஆம் ஆண்டின் சிறார் சட்டம். பணமில்லையே என்று கலங்கவும் வேண்டா. தடுப்புக் காவல் விசாரணையில் இலவசமாக வாதாட, 2012 முதல் தேசியச் சட்ட உதவி அறவாரியத்தின் வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள்.

குற்றவாளிக்குப் பரிந்து பேசுவதா எனச் சிலர் வினவலாம். தவறு செய்தவன் தண்டனை பெறட்டும். அதை முடிவு செய்ய வேண்டிய இடம் நீதிமன்றம், காவல் அறையன்று.

ஆறாம் ஆண்டு மாணவர்கள் இடைநிலைப்பள்ளிக்குச் செல்லுமுன், பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கி இவற்றை விளக்குவோம். பிள்ளை பிடிபட்ட இரவில் பெற்றோர் செல்ல வேண்டிய முதல் இடம் காவல் நிலையம். உறவினர் என்ன சொல்வார்களோ என்னும் கவலை மறுநாள் வரட்டும்.