ஆறு பக்கம்

ஸ்ட்ரிங் தியரிக் கட்டுரை ஒன்று உலகமெங்கும் பேசப்படுவதற்குக் காரணம் அதன் கோஷம்தான் என்று நண்பர்கள் சிலர் சொல்லிவருகிறார்கள். 'எல்லாவற்றுக்குமான கொள்கை' என்று பலகை மாட்டினால் கூட்டம் சேராதா என்பது வாதம். இன்னொரு கோஷ்டி, அதிரும் இழை என்று கேட்டதுமே நாதப்பிரம்மத்தைக் கொண்டுவந்து ஒட்டுகிறது. அவர்களோடு பேச என்னிடம் ஒன்றுமில்லை. முதல் வாதம் கெட்டிக்காரத்தனமானது, அதனாலேயே மறுக்கவேண்டியது.

கோஷம் 1974லேயே இருந்தது. அணுக்கருவின் வலுவிசையை விளக்கப் பிறந்த இழைக் கணக்கில், நிறையற்ற, ஸ்பின் 2 கொண்ட ஒரு துகள் அழையாத விருந்தாளியாக வந்து நின்றது. அதைத் துரத்தவேண்டாம், அதுதான் ஈர்ப்புவிசையின் துகள் என்றார்கள் ஷெர்க்கும் ஷ்வார்ஸும். ஜப்பானில் யோனேயாவும் தனியாக இதையே கண்டார். இதைவிடப் பெரிய கோஷம் என்ன வேண்டும்? பத்து வருஷம் அநேகமாக யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஷ்வார்ஸ் கால்டெக்கில் நிரந்தரமில்லாத வேலையில், கெல்-மானின் ஆதரவில் காலம் தள்ளினார். ஷெர்க் 1980ல் இறந்தே போனார்.

1984ல் கிரீனும் ஷ்வார்ஸும் எழுதியது ஆறு பக்கம். தலைப்பில் பிரபஞ்சம் இல்லை. பத்துப் பரிமாணத்தில் அனாமலிகள் ரத்தாவது பற்றி என்று ஆபீஸ் குறிப்பு மாதிரி ஒரு தலைப்பு. ஒரு கொள்கை தான் நம்பி நிற்கும் சமச்சீரைத் தன் குவாண்டம் கணக்கிலேயே உடைத்துக்கொள்வதுதான் அனாமலி. உடைந்தால் நிகழ்தகவுகளைக் கூட்டி ஒன்று வராது; கொள்கையைக் குப்பையில் போடவேண்டியதுதான். ஈர்ப்புவிசையில் இந்த வியாதி எவ்வளவு கொடியது என்பதை அல்வாரெஸ்-கௌமேயும் விட்டனும் சற்று முன்புதான் காட்டியிருந்தார்கள். பலரும் பிணத்தை எதிர்பார்த்த இடத்தில், 496 பரிமாணமுள்ள ஒரு சமச்சீர்க் குழுவுக்கு எல்லாம் அடிபட்டுப் பூஜ்யமாகிறது என்று இவர்கள் போட்டுக் காட்டினார்கள். 496ஐ யாரும் ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. கணக்கு வற்புறுத்தியது.

1974 கட்டுரையை நம்பலாம், நம்பாமல் விடலாம். 1984 கட்டுரையை, பயிற்சியுள்ள எவனும் தாளும் பேனாவுமாக உட்கார்ந்து சரிபார்க்கலாம். தப்புக் கண்டால் ஷ்வார்ஸின் கதை அன்றோடு முடிந்தது. அப்படித் தன்னை ஒப்புக்கொடுத்து நின்றதால்தான் ஆட்கள் வந்தார்கள். கோஷம் அந்த வருஷமும் கேலிப்பொருள்தான். அந்தக் கோடையில் ஆஸ்பனில் பௌதிகக்காரர்கள் போட்ட வேடிக்கை நாடகத்தில், எல்லாவற்றுக்குமான கொள்கை கிடைத்துவிட்டது என்று கத்தும் ஆளாக மேடையேறியவர் ஷ்வார்ஸேதான். வெள்ளைக்கோட்டுக்காரர்கள் வந்து அவரை இழுத்துப்போனார்கள்.

விட்டனின் பெயர்தான் கூட்டம் சேர்த்தது என்பார்கள். பாதி உண்மை. பிறகு வேலைகளும் மானியங்களும் அங்கேயே குவிந்ததை ஸ்மோலினும் வோய்ட்டும் 2006ல் புத்தகம் போட்டே சாடினார்கள், அதுவும் நியாயம். எந்தப் பரிசோதனையும் இன்றுவரை இக்கொள்கையை உறுதிசெய்யவில்லை. ஜெனீவாவின் பெரிய மோதல் இயந்திரத்தில் தேடிய மீச்சமச்சீர்த் துகள்கள் அகப்படவில்லை. கொள்கையே நாளை பொய்யாகிப் போகலாம். 1984ல் ஏன் கவனித்தார்கள் என்ற கேள்விக்கு இதெல்லாம் பதிலாகாது.

புரியவில்லை, ஆகவே பம்மாத்து என்கிறார்கள் நண்பர்கள். தம் கவிதைகளுக்கு இதே தீர்ப்பைக் கேட்டுப் புண்பட்டவர்கள் கொஞ்சம் கூச்சப்படலாம். கவனிப்பாரற்றுக் கிடந்த ஷ்வார்ஸை நம் சிறுபத்திரிகைத் தியாகிகள் வரிசையில் உட்கார்த்தவும் சிலர் துடிக்கிறார்கள். அந்தப் பத்து வருஷமும் அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.