லாலாங் வேரும் மாமாவின் கேள்வியும்

“ஒரு ஊசிகூடத் தவறாம ஏத்திக்கிட்டேனே மாப்ள, அப்புறம் எப்படித் திரும்பி வந்துச்சு?”

போன ஞாயிறு, நிபோங் திபாலில் மாமா வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தபோது கேட்டார். பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து, 6 மாதம் கீமோ எடுத்தவர். விடியற்காலை கொமூட்டர் ரயிலில் பட்டர்வொர்த், அங்கிருந்து ஃபெர்ரியில் ஜார்ஜ்டவுன் என்று ஒரு தவணையும் விட்டதில்லை. இரண்டு ஆண்டு நன்றாக இருந்தார். இப்போது கல்லீரலில் இரண்டு கட்டிகள்.

பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். தான் வைத்த கருவாட்டுக் குழம்புதான் காரணமோ என்று அத்தை அழுதார்.

மாமா தோட்டத்தில் மருந்து அடித்தவர். அதனால் அவருக்குத் தெரிந்ததை வைத்தே சொன்னேன். “லாலாங் புல்லுக்கு மருந்து அடிச்சா இலை கருகிடும். மண்ணுக்குள்ள வேர் பிழைச்சிருந்தா?” மாமா உடனே சொன்னார்: “மழை பெஞ்சதும் முளைச்சிடும்.”

கதை அதுதான். கீமோ மருந்துகள் பெரும்பாலும் வேகமாகப் பிரியும் உயிரணுக்களைத் தாக்குபவை. குடல் புற்றுநோய்க்கு இன்றும் அடிப்படையாக இருக்கும் 5-எஃப்யூ, 1957-இல் அறிமுகமான மருந்து. உயிரணு பிரியத் தேவையான மரபிழையை உருவாக்க விடாமல் அது தடுக்கிறது. ஆனால் கட்டிக்குள் எல்லா உயிரணுவும் ஒரே மாதிரி இல்லை. புதிய கட்டியையே உண்டாக்கக்கூடிய ஒரு சிறு கூட்டம் குடல் புற்றுநோயில் இருப்பதை, 2007-இல் கனடாவிலும் இத்தாலியிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியே காட்டின. புற்றுநோய் ஸ்டெம் செல்கள் என்று அவற்றைச் சொல்கிறார்கள். அவற்றில் பல மெதுவாகப் பிரிகின்றன. உள்ளே வந்த மருந்தை வெளியே தள்ளுகின்றன. சேதமான மரபிழையைச் சரிசெய்துகொள்கின்றன.

2021-இல் டொரோண்டோ ஆய்வாளர்கள் இன்னொன்றும் கண்டார்கள். கீமோ வரும்போது குடல் புற்றுநோய் உயிரணுக்கள் உறங்கும் நிலைக்குப் போய்விடுகின்றன. சில விலங்குகளின் கரு, காலம் சரியில்லாதபோது வளர்ச்சியை நிறுத்திக் காத்திருக்குமே, அதுபோல. மருந்து நின்றதும் விழித்துக்கொள்கின்றன.

இதனால் கீமோ வீண் என்று பொருளில்லை. நிணநீர் முடிச்சுவரை பரவிய மூன்றாம் கட்ட நோயில், அறுவைக்குப் பின் கொடுக்கும் கீமோ, நோய் திரும்பும் வாய்ப்பைக் குறைக்கிறது, முற்றாக நீக்குவதில்லை. அதனால்தான் சிகிச்சை முடிந்த பிறகும் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் என்று டாக்டர் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். திரும்பும் நோய் பெரும்பாலும் முதல் மூன்று ஆண்டுகளுக்குள் தலைகாட்டுகிறது. மாமாவுக்கும் அப்படிப் போன பரிசோதனையில்தான் தெரிந்தது. கல்லீரல் கட்டிகளைச் சிலருக்கு அறுவை செய்து எடுக்கவும் முடியும். அடுத்த வாரம் அதைப் பற்றித்தான் பேசப் போகிறார்கள்.

“அப்ப கருவாடு?” என்றார் அத்தை.

“கருவாடு இல்ல அத்தை. யார் தப்பும் இல்ல.”

அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

பக்கத்தில் மாமாவின் மகன் கைப்பேசியைப் பார்த்தபடி இருந்தான். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இன்ஜினியர், வயது 41. “மச்சான், நீ குழாய் விட்டுப் பார்த்தாச்சா?” என்றேன். “எனக்கு ஒண்ணும் இல்லையே” என்றான். அதுதான் சிக்கல். குடலில் சிறு சதைத் திரளாகத் தொடங்குவது புற்றாக மாறப் பொதுவாகப் பத்து ஆண்டுபோல எடுக்கும். அதுவரை வலி இருக்காது. அந்தக் கட்டத்திலேயே கொலோனோஸ்கோப்பியில் வெட்டி எடுத்துவிட்டால் முளைக்க வேர் ஏது?

அப்பா, அம்மா, உடன்பிறந்தோருக்கு இந்த நோய் இருந்தால் 40 வயதிலேயே, அல்லது அவர்களுக்கு வந்த வயதுக்குப் பத்து ஆண்டு முன்பே, எது முந்தியதோ அப்போது கொலோனோஸ்கோப்பி பற்றி டாக்டரிடம் கேளுங்கள். மற்றவர்கள் 50 வயதானால் அரசாங்க கிளினிக்கில் மல ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை.

நான் கிளம்பும்போது மச்சான் வாசல்வரை வந்தான். “திங்கக்கிழமை லீவு போடுறேன்” என்றான்.