பதிவு எண்ணைக் கேளுங்கள்!



ஒவ்வொரு நோய்க்கும் மருந்துண்டு என்னும் நபிமொழியைச் சிலர் விற்பனைச் சொல்லாக்கிவிட்டனர். ஆட்டிசம் உள்ள பிள்ளையைப் பரிசோதிக்காமலேயே, “ஃபோலேட் மருந்து கொடுங்கள், பேசிவிடும்” என்று கைப்பேசியில் வாக்களிக்கின்றனர். அந்த நபிமொழி மருந்தைத் தேடச் சொல்கிறது, ஏமாறச் சொல்லவில்லை.

2025 செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு லூக்கோவோரின் மருந்துக்கு வழிதிறந்தது மெய்யே. ஆயினும் அது மூளையில் ஃபோலேட் குறைபாடு உள்ளவர்களுக்கே. ஆட்டிசம் உள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் அன்று. கர்ப்பிணிகள் உண்ணும் ஃபோலிக் அமில மாத்திரையும் இதுவும் ஒன்றல்ல.

தொலைமருத்துவம் ஹராமா? இல்லை. இந்திய அரசின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதலே அதை அனுமதிக்கிறது. ஆனால் மருத்துவர் தம் பதிவு எண்ணைத் தெரிவித்தாக வேண்டும். எண் கேட்டால் சினப்பவரிடம் உங்கள் அமானிதத்தை ஒப்படைப்பீர்களா? மருத்துவம் அறியாது மருத்துவம் செய்தவர் விளையும் தீங்குக்குப் பொறுப்பாளி என்பது அபூதாவூதில் பதிவான நபிமொழியின் கருத்து. கேள்வி கேட்பது தவக்குலுக்கு முரணன்று.

அரசின் இ-சஞ்சீவனி சேவை இலவசம். மேலப்பாளையத்தாருக்கு ஐகிரவுண்டு அரசு மருத்துவமனையும் தொலைவில்லை. முதலில் குழந்தையைக் காட்டுங்கள். பிறகு மருந்தைப் பற்றிப் பேசுங்கள்.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு நலனையும் நமக்குத் தெளிவையும் அருள்வானாக!